மொசைக் என்று ரிப்போர்ட் வந்தால்: சிவிஎஸ்ஸா, ஆம்னியோவா?

கருவின் குரோமோசோம்களைப் பார்க்க இரண்டு பரிசோதனைகள்: நஞ்சுக்கொடியில் துணுக்கு எடுக்கும் சிவிஎஸ், பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் ஆம்னியோ. சிவிஎஸ் கர்ப்பத்தின் 11 வாரத்திலேயே செய்துவிடலாம், ஆம்னியோவுக்கு 15 வாரம் முடிய வேண்டும். ஒரு மாதம் முன்னாலேயே தெரிந்துவிடுமே என்று பலரும் சிவிஎஸ் பக்கம் சாய்கிறார்கள், அந்த அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் மொசைசிசம், அதாவது சில செல்களில் குரோமோசோம் சரியாகவும் சிலவற்றில் கூடவோ குறையவோ இருக்கும் நிலை, என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் அந்த ஒரு மாத லாபம் கரைந்துபோகும், ஏனென்றால் எப்படியும் ஆம்னியோ செய்யச் சொல்வார்கள்.

காரணம் எளிது. சிவிஎஸ்ஸில் எடுப்பது நஞ்சுக்கொடியின் துணுக்கு. நஞ்சுக்கொடியும் குழந்தையும் ஒரே கருவில் இருந்து வந்தாலும் சில நாட்களிலேயே பாதை பிரிந்துவிடுவதால், கோளாறு நஞ்சுக்கொடியோடு நின்றுபோய் குழந்தை நன்றாக இருப்பது உண்டு. 1983இல் கலூசெக், டில் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்தது இதைத்தான். சிவிஎஸ் செய்யும் நூறு பேரில் ஒருவர் இருவருக்கு மொசைக் வரும், அவற்றில் பெரும்பாலானவை குழந்தையிடம் இருக்காது. என்ஐபிடி என்ற ரத்தப் பரிசோதனையும் இதே கதைதான், அம்மாவின் ரத்தத்தில் 'குழந்தையின் டிஎன்ஏ' என்று பார்ப்பது நஞ்சுக்கொடி உதிர்த்தது.

பனிக்குட நீரில் இருப்பவை குழந்தையின் செல்கள். அதிலும் குழப்பம் வரலாம்: ஒரே தட்டில் வளர்ந்த செல்களில் மட்டும் கோளாறு தெரிந்தால் அது பெரும்பாலும் வளர்ப்பில் வந்த பிழை, தனித்தனியாக வளர்த்த இரண்டு தட்டிலும் தெரிந்தால்தான் நிஜ மொசைக் என்பார்கள். அப்புறம், ரிப்போர்ட்டில் 20% என்றால் மூளையிலும் 20% என்று அர்த்தமில்லை. கவுன்சலிங்கில் பெற்றோருக்கு இதைப் புரியவைப்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

என் கட்சி இதுதான். என்ஐபிடியில் டவுன் சிண்ட்ரோம் சந்தேகம், இல்லை ஸ்கேனிலேயே குறை தெரிகிறது என்றால் சிவிஎஸ் போகலாம். 13ஆம் குரோமோசோம் கூடுதல் என்றோ டர்னர் (ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம் இருப்பது) என்றோ வந்து, ஸ்கேன் சுத்தமாக இருந்தால் ஆம்னியோவுக்குக் காத்திருங்கள், இவை நஞ்சுக்கொடியோடு நின்றுபோகும் வாய்ப்பு அதிகம். ஆம்னியோ நார்மல் என்றதும் எல்லாம் முடிந்துவிடாது: நஞ்சுக்கொடியில் டிரைசோமி 16 (16ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று) இருந்திருந்தால் குழந்தையின் வளர்ச்சி குறையலாம், அதனால் வளர்ச்சி ஸ்கேன் தொடர வேண்டும், டிரைசோமி 15 என்றால் குழந்தையின் 15ஆம் குரோமோசோம் ஜோடி இரண்டுமே ஒரே பெற்றோரிடமிருந்து வந்ததா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

காத்திருந்தால் நேரம் போய்விடுமே என்ற பயத்துக்கு: 16 வாரத்தில் ஆம்னியோ செய்தால் செல் வளர்ப்பு முடிய இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று. இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவில் பெரிய குறை என்று மருத்துவ வாரியம் உறுதி செய்தால் கருக்கலைப்புக்கான 24 வார வரம்பும் பொருந்தாது. சரி, ஊசிக்குத் தேதி வாங்கும் முன்பே மரபியல் ஆலோசகரிடம் கேளுங்கள்: மொசைக் என்று வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?