பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் குறுஞ்செய்தி: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் தக்காளிக் கமிஷன் மண்டி ஒன்றின் கணக்கு வழக்குகளைப் பார்த்து வருகிறேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004-ஐ ஒட்டிக் கைபேசி கைக்கு வந்தது. அன்று தொடங்கி இன்றுவரை, சந்தை நடக்கும் நாள்களில் எல்லாம் மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளி, காரிமங்கலம், ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு அன்றைய விலையைக் குறுஞ்செய்தியாக அனுப்பி வருகிறேன். காலையில் ஏலம் முடிந்ததும் விலை தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் விவசாயி மறுநாளைக்குப் பறிப்பாள்களைச் சொல்வதா, காயை இரண்டு நாள் செடியிலேயே விடுவதா என்று முடிவெடுப்பார். கிலோ இரண்டு மூன்று ரூபாய்க்கு இறங்கும் நாள்களில் பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாது என்பதால், இந்த ஒரு வரிச் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேருவது அவருக்கு நேரடியான பண விவகாரம். அந்தக் கண்ணோட்டத்தில்தான் இந்தத் தொழில்நுட்பத்தை இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். சிக்னல் ஒரே கோடாக இருந்து, பேசினால் குரல் அறுந்து அறுந்து வரும் இடத்திலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் வந்துவிடுகிறது. பேச்சுக்கும் இணையத்துக்கும் ஒதுக்கிய பாதையில் அது போவதில்லை என்பதே காரணம். கைபேசியும் டவரும் தங்களுக்குள் 'இங்கே இருக்கிறேன்', 'உனக்கு அழைப்பு வருகிறது' என்று தகவல் பரிமாறிக்கொள்வதற்காக வைத்திருக்கும் சமிக்ஞைப் பாதையில், மிச்சம் இருக்கும் இடத்தில் ஏறிப் போவதற்காகவே ஜிஎஸ்எம் என்ற கைபேசித் தரத்தை வகுத்த காலத்தில் இது வடிவமைக்கப்பட்டது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போனில் செய்தி வந்து விழுவதும் இதனால்தான். 4ஜி வந்த பிறகு உள்ளே பாதை மாறிவிட்டது; ஐஎம்எஸ் என்ற ஏற்பாட்டின் வழியாகவோ பழைய கட்டமைப்போடு இணைத்தோ செய்தியைக் கடத்துகிறார்கள். பயன்படுத்துபவருக்கு அந்த மாற்றம் தெரிவதில்லை. டேட்டா தீர்ந்திருந்தாலும், டேட்டாவை அணைத்தே வைத்திருந்தாலும், செய்தி வருகிறது.

பலவீனம் தமிழில் எழுதத் தொடங்கியதும் தெரியும். ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட் (பைட் ஒன்றுக்கு 8 பிட்) இடம் மட்டுமே உண்டு. ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் 1985-இல், சாதாரண மனிதர்கள் எழுதும் வாக்கியங்களைத் தட்டச்சில் அடித்துப் பார்த்து, 160 போதும் என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் கணக்கில் நம் எழுத்துகள் இல்லை. தமிழ்ச் செய்தி 16 பிட் முறையில் போவதால் அதே 140 பைட்டில் 70 குறியீடுகளே அடங்கும். அந்த 70-ம் நாம் எண்ணும் எழுத்துக் கணக்கு அல்ல. புள்ளி தனி, கொம்பு தனி, துணைக்கால் தனி என்று எண்ணும் கணக்கு.

நான் அடிக்கடி அனுப்பும் ஒரு செய்தியை வைத்தே காட்டுகிறேன்: 'நாளை சந்தை விடுமுறை. தக்காளி பறிக்க வேண்டாம்.' படிப்பவர் கண்ணுக்கு இதில் 21 எழுத்துகள். கைபேசிக்கோ 38 குறியீடுகள். இடைவெளிகளையும் முற்றுப்புள்ளிகளையும் சேர்த்தால் 45. 'தக்காளி' என்ற நான்கெழுத்துச் சொல்லுக்கே ஏழு இடம் போய்விடுகிறது. மீதமுள்ள 25-இல் மண்டியின் பெயரையும் தேதியையும் சேர்த்தால் செய்தி நிரம்பிவிடும். ஒன்று கூடி 71 ஆனாலும் அது இரண்டு செய்தியாகப் பிரியும். பிரிந்த துண்டுகளை மறுமுனையில் வரிசையாக ஒட்டுவதற்கான குறிப்புக்கும் அந்த 140 பைட்டிலேயே இடம் எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு துண்டிலும் 67 குறியீடுகளே அடங்கும். கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்களும் இதில் மாட்டிக்கொள்வதுண்டு: 2010-இல் அறிமுகமான ரூபாய்க் குறி ஜிஎஸ்எம் அடிப்படை எழுத்து வரிசையில் இல்லை என்பதால், அதை ஓரிடத்தில் போட்டாலே முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். கடை விளம்பரம் அனுப்பும் நண்பர்கள் 'பில் ஏன் இரண்டு மடங்காக வருகிறது' என்று கேட்டால் முதலில் அந்தக் குறியைத்தான் தேடச் சொல்வேன்.

இதற்குத் தீர்வே இல்லாமல் இல்லை. கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளுக்குத் தனி எழுத்து அட்டவணைகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தரத்தில் சேர்த்துவிட்டது. அந்த முறையில் போனால் ஒரே செய்தியில் 155 குறியீடுகள் வரை எழுதலாம். ஆனால் அனுப்பும் போன், பெறும் போன் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். நான் கையாண்ட போன்களில் அப்படி ஒன்றைக்கூட இதுவரை காணவில்லை. இத்தனை கோடிப் பேர் பேசும் மொழிகளுக்காக எழுதி வைத்த ஏற்பாடு ஏட்டோடு நின்றுபோனது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

தொடக்க ஆண்டுகளில் நீளத்தைவிடப் பெரிய தொல்லை, தமிழ் தெரியாத போன்கள். நான் தமிழில் அனுப்புவேன். அங்கே வெறும் சதுரக் கட்டங்களாக வந்து நிற்கும். அதனால் வெகுகாலம் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக்கொண்டிருந்தேன். அது நன்கு படித்தவர்களுக்கே தடுமாற்றம் தரும் எழுத்து. இந்தியாவில் விற்கும் கைபேசிகள் இந்திய மொழிச் செய்திகளைக் காட்டியாக வேண்டும் என்ற தர விதி (ஐஎஸ் 16333, மூன்றாம் பகுதி) வந்த பிறகு வாங்கிய பட்டன் போன்களில் இந்தச் சிக்கல் அநேகமாக ஒழிந்துவிட்டது. இந்த விதியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை. எங்கள் மண்டியின் தினசரி வேலையில் 4ஜியைவிட அதிக மாற்றத்தைக் கொண்டுவந்தது அதுதான்.

அடுத்தது தாமதம். குறுஞ்செய்தி அனுப்புநரிடமிருந்து நேராகப் பெறுநருக்குப் போவதில்லை. முதலில் செய்தி மையத்துக்குப் போகும். மையம் அந்த எண் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று வலையமைப்பின் பதிவேட்டில் கேட்டு, அங்கே தள்ளும். போன் அணைந்திருந்தாலோ டவருக்கு எட்டாமல் இருந்தாலோ செய்தியை மையம் வைத்துக்கொள்ளும்; 'இவருக்குச் செய்தி காத்திருக்கிறது' என்று பதிவேட்டிலும் ஒரு குறிப்பு விழும். போன் மறுபடி வலையில் பதிந்த உடனே அந்தக் குறிப்பு மையத்தை உசுப்பிவிடும். வத்தல்மலையிலிருந்தோ பெட்டமுகிலாளத்திலிருந்தோ இறங்கி வருகிறவரின் போன், சமவெளி டவர் கிடைத்ததும் வரிசையாக ஒலிப்பது இப்படித்தான். மின்வெட்டு கடுமையாக இருந்த காலத்தில் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்த போன்களுக்கும் எங்கள் செய்தி இந்த ஏற்பாட்டால்தான் போய்ச் சேர்ந்தது. எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்பதற்குத் தரத்தில் 63 வாரங்கள் வரை இடம் உண்டு. நடைமுறையில் நிறுவனங்கள் மிகக் குறைந்த காலமே வைத்திருந்து பிறகு கழித்துவிடுகின்றன.

காத்திருந்து வரும் செய்தியில் ஓர் ஆபத்து உண்டு. பஞ்சப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர், "ஏங்க, நீங்க போட்ட ரேட்டப் பாத்துத்தாங்க ஆள் உட்டுப் பறிச்சேன், இங்க வந்தா பாதிகூட இல்லீங்களே" என்று மண்டி வாசலில் பெட்டிகளை இறக்கியபடி கேட்டார். போனை வாங்கிப் பார்த்தால், முந்தின நாள் விலை மறுநாள் மாலையில் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைய விலை அதற்கு முன்பே வந்துவிட்டது. அவர் கடைசியாக வந்ததையே புதியது என்று எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அனுப்பிய வரிசையிலேயே செய்திகள் சேரும் என்பதற்கு இந்தத் தொழில்நுட்பத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை. மையத்தில் ஏறிய நேரத்தைச் செய்தியோடு அனுப்புகிறார்கள் என்றாலும், சில போன்கள் அதைக் காட்டும், சில போன்கள் கைக்கு வந்த நேரத்தைக் காட்டும். ஆகவே எங்கள் செய்தி எப்போதும் தேதியில்தான் தொடங்கும். 70-இல் ஐந்தாறு இடம் அதற்குப் போனாலும் பரவாயில்லை. விலை, நேரம், அளவு என்று மாறிக்கொண்டே இருக்கும் எதையும் அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயமாக்கிக்கொள்வது நல்லது. டெலிவரி ரிப்போர்ட்டையும் அளவோடுதான் நம்ப வேண்டும். 'சேர்ந்தது' என்றால் போன் வாங்கிக்கொண்டது என்று பொருள்; ஆள் படித்தார் என்பதற்கு அது சான்றாகாது.

செலவும் கட்டுப்பாடும் பல முறை மாறியிருக்கின்றன. மாதப் பேக் போட்டு வைத்திருந்தாலும் தீபாவளி, புத்தாண்டு போன்ற நாள்களில் அது செல்லாது என்று தனியாகக் காசு பிடித்த காலம் ஒன்று இருந்தது. விளம்பரத் தொல்லையைத் தடுக்க 2011 செப்டம்பரில் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 என்று வரம்பு வந்து, நவம்பரில் அது 200 ஆனது. 2012 இறுதியில் 100-ஐத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 காசு என்று ஆகி, அந்த விதி 2020-இல்தான் நீங்கியது. எங்களைப் போன்று ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிறவர்களுக்கு இவை எல்லாமே இடைஞ்சல்தான் என்றாலும், நேரத்தைப் பிரித்துச் சமாளிக்க முடிந்தது.

உண்மையான திருப்பம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையும், அதன்படி 2021-இல் நடைமுறைக்கு வந்த, டிஎல்டி என்ற பொதுப் பதிவேட்டில் பதியும் முறையும். வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன்னைப் பதிய வேண்டும். அனுப்புநர் பெயராகத் தெரியும் ஹெடரைப் பதிய வேண்டும். அனுப்பப்போகும் வாசகத்தையே டெம்ப்ளேட்டாக முன்கூட்டிப் பதிந்து, மாறும் இடங்களை மட்டும் காலியாக விட வேண்டும். பதிந்த வாசகத்தோடு பொருந்தாத செய்தி வழியிலேயே நிறுத்தப்படும். 2021 மார்ச்சில் இந்தச் சோதனையை முடுக்கிய அன்று நாடு முழுவதும் வங்கி ஓடிபிகளே வராமல் போய், அதை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வங்கிக்கே அந்தக் கதி என்றால், இரண்டு பேர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் மண்டியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் டெம்ப்ளேட் ஒருமுறை, காலியிடங்கள் அதிகம் என்று திரும்பி வந்தது. தக்காளி விலைச் செய்தியில் முதல் தரம், இரண்டாம் தரம், தேதி, வரத்து என்று எல்லாமே மாறுவதுதானே என்று விளக்கி, நிலையான சொற்களைக் கூட்டி மறுபடி அனுப்பினோம். கூட்டிய சொற்கள் 70-ஐத் தாண்டிச் செய்தியை இரண்டாக்கிவிட்டன. மோசடியைத் தடுக்க இந்த ஏற்பாடு தேவைதான் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சிறு வணிகர்களை மனத்தில் வைத்து அது வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. நடுவில் மழை வந்து வண்டி நின்றுவிட்டால், 'பாலம் வழியாக வராதீர்கள், சுற்றி வாருங்கள்' என்று உடனே எழுதி அனுப்ப முடிந்த பழைய வசதி போய்விட்டது. அந்த மாதிரி அவசரத்துக்கு இப்போது என் சொந்த எண்ணிலிருந்து சிலருக்கு அனுப்பி, அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள்.

இந்தக் கெடுபிடியால் பெறுபவருக்குக் கிடைத்த பயனையும் சொல்ல வேண்டும். 2025 முதல் ஹெடரின் முடிவில் ஓர் ஆங்கில எழுத்து வருகிறது: விளம்பரம் என்றால் 'பி', சேவை என்றால் 'எஸ்', பரிவர்த்தனை என்றால் 'டி', அரசு என்றால் 'ஜி'. எங்கள் விவசாயிகளிடம், பணம் பற்றிய செய்தி வெறும் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் தொடவே வேண்டாம் என்றும், இந்த எழுத்தைப் பார்க்கப் பழகுங்கள் என்றும் சொல்லி வருகிறேன். வேண்டாத விளம்பரங்களை 1909-க்குப் புகார் செய்யலாம். செய்து பார்த்ததில் சில நின்றன, சில வேறு பெயரில் திரும்பி வந்தன.

குறுஞ்செய்தியோடு சேர்த்து எண்ணப்படும் செல் பிராட்காஸ்ட் முற்றிலும் வேறு வகை. பழைய நோக்கியாக்களில் அதைத் திறந்து வைத்தால், பேருந்து போகப் போக டவர் இருக்கும் ஊரின் பெயர் திரையில் மாறிக்கொண்டே வரும். அதைத் தவிர அப்போது எதற்கும் பயன்பட்டதாக நினைவில்லை. 2023-இல் தொலைத்தொடர்புத் துறை நாடெங்கும் நடத்திய எச்சரிக்கைச் சோதனையில்தான் அதன் வலிமை தெரிந்தது. இது எண் பார்த்து ஒவ்வொருவருக்கும் போவதல்ல. டவர் ஒருமுறை ஒலிபரப்பினால் அதன் எல்லைக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு 82 பைட், 15 பக்கங்கள் வரை என்பதால் தமிழிலும் 600 குறியீடுகளுக்கு மேல் எழுதலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது, அங்கிருக்கும் என் தங்கை வீட்டாருக்கு நான் அனுப்பிய குறுஞ்செய்திகள் நெடுநேரம் கழித்தே சேர்ந்தன. அத்தகைய நேரத்தில் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அனுப்பும் முறையைவிட ஒலிபரப்பும் முறையே பொருத்தம் என்பது என் எண்ணம்.

வாட்ஸ்அப் குழுவும் வைத்திருக்கிறோம். லாரியில் ஏறிய சரக்கின் படம், எடைச்சீட்டு, பேச்சுப் பதிவு எல்லாம் அதில்தான். ஆனால் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே விலை புதைந்துபோகிறது. வயதான விவசாயிகள் பலரிடம் இன்னும் பட்டன் போன்தான். ஆகவே விலை குறுஞ்செய்தியில், மற்றவை வாட்ஸ்அப்பில் என்று பிரித்துக்கொண்டோம். குறுஞ்செய்தியின் வாரிசாகச் சொல்லப்படும் ஆர்சிஎஸ்ஸை என் ஆண்ட்ராய்டு போனில் சில மாதங்கள் திறந்து வைத்திருந்தேன். நீளக் கட்டுப்பாடு இல்லை, படமும் போகும், படித்ததற்கு அடையாளமும் வரும்; 2024-இல் ஐபோனிலும் அது சேர்ந்திருக்கிறது. ஆனால் அதற்கு டேட்டா வேண்டும், இரு முனையிலும் ஸ்மார்ட்போன் வேண்டும்; அந்த மாதங்களில் எனக்கு அதன் வழியே வந்தவை பெரும்பாலும் கடன் விளம்பரங்களே. இப்போது அதை அணைத்து வைத்திருக்கிறேன். டெம்ப்ளேட்டில் 'வரத்து' என்ற காலியிடத்தை எடுத்துவிட்டு, விலைச் செய்தியை மறுபடி 70-க்குள் கொண்டுவரும் விண்ணப்பம் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது.