எட்டுப் பேர் சேர்ந்து படிக்க எந்த மர்ம நாவல்?

பாளையங்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிறு மாலை மொட்டை மாடியில் கூடிப் புத்தகம் பேசுகிற எட்டுப் பேர் நாங்கள். இந்த வருடம் மர்ம நாவல் பக்கம் போவோம் என்று முடிவானது.

முதலில் படித்தது அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்'. 1939இல் வந்தது. ஒரு தீவு, பத்துப் பேர், குழந்தைப் பாட்டின் வரிசைப்படி ஒவ்வொருவராகச் சாகிறார்கள். நாவலில் குறையில்லை, கோளாறு எங்களிடம்தான். ஆங்கிலம் சரளமாக ஓடாத மூன்று பேர் பாதியில் நிற்கும்போதே முடித்துவிட்ட அண்ணாச்சி, கொலை செய்தது யார் என்று வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டுவிட்டார். "அழிச்சிட்டேன்வே" என்றார். அதற்குள் எல்லாரும் பார்த்தாயிற்று. மூவரில் இரண்டு பேர் புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறேன்: முடிவு கசிந்தாலும் மிச்சத்தைப் படிக்கத் தோன்றுமா? தனியாகப் படிப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. எட்டுப் பேர் எட்டு வேகத்தில் படித்தால் எங்காவது கசியும்.

நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது புரியும். சுடலைமாடன் கதையில் காளிப்புலையன் மகள் மாவிசக்கிக்கு என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அந்தக் கட்டம் வரும்போது யாரும் எழுந்து போவதில்லை.

ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல் எடுக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் எழுதியவர், தேர்வுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வண்ணாரப்பேட்டையில் பஸ் ஏறினால் நாகர்கோவில் போவதற்குள் முடிந்துவிடும். வழித்துணைக்கு நல்லது, ஒரு மாலை முழுக்கப் பேச அதில் சரக்கு போதாது.

கடைசியில் போட்டி இரண்டுக்கு நடுவில். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்', கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'.

ஜப்பானியக் கதையில் கொலை யார் செய்தது என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதை எப்படி மறைக்கிறார் என்பதுதான் கதை. அதனால் கசிவுக்கு அஞ்ச வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். முடித்த பிறகுதான் தெரிந்தது, கடைசியில் ஒரு முடிச்சு இருக்கிறது. அது வெளியே வந்தால் பாதி ருசி போய்விடும். ஜப்பானிய நாவல் நான் படித்தது இது ஒன்றுதான், அதுவும் ஆங்கிலத்தில். எனவே என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

'கொலையுதிர் காலம்' எடுத்தோம். 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்தது. வாராவாரம் வாசகரை இழுத்துப் பிடிக்க எழுதியதால் நிறுத்த வேண்டிய இடங்கள் தாமாகவே அமைந்திருக்கின்றன. வாரத்துக்கு இத்தனை அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டோம், வேகப் பிரச்சினை பாதி தீர்ந்தது. அதைவிட முக்கியம், பேயா விஞ்ஞானமா என்று துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் போடுகிற வழக்கு. யார் என்ன செய்தார் என்று தெரிந்த பிறகும் அந்த வழக்கு முடிவதில்லை. எங்கள் மாடியிலும் முடியவில்லை. ஓய்வுபெற்ற இயற்பியல் டீச்சர் ஒரு பக்கம், சின்ன வயதில் நடுச்சாமத்தில் ஆற்றங்கரையில் ஏதோ பார்த்ததாகச் சொல்லும் பெரியம்மை ஒரு பக்கம். போட்டு வந்த சுக்குக் காபி ஆறியதுதான் மிச்சம்.

குறை இல்லாமல் இல்லை. பெண்களைப் பற்றி வசந்த் அடிக்கிற கிண்டல் இன்று நெருடுகிறது. குழுவில் இருக்கும் கல்லூரிப் பெண் அதை நேராகவே சொன்னாள். நானும் பதினேழு வயதில் சிரித்த இடத்தில் இப்போது சிரிக்கவில்லை. அவளுக்கு வேகமும் பயமும் எங்கள் அளவுக்கு ஏறியதா என்றும் எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த மாதம் ஹிகாஷினோ. கடைசி அத்தியாயங்களை மாடியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துத் தமிழில் சொல்வதாக ஏற்பாடு. சுற்றுக்கு விட்ட இரண்டு பிரதிகளிலும் அந்தப் பக்கங்களுக்கு ரப்பர் பேண்ட் போட்டுத்தான் கொடுத்திருக்கிறேன். அண்ணாச்சிக்கு மட்டும் இரண்டு ரப்பர் பேண்ட்.