பைதானில் தேதியை எழுத்தாக்குவது: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

பைதான் நிரல் மொழியில் தேதியையும் நேரத்தையும் எழுத்தாக மாற்ற ஸ்டிரெஃப்டைம் (strftime) என்ற கட்டளையைத்தான் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ரிப்போர்ட்டின் தலைப்பு, லாக் வரி, பேக்கப் ஃபைலின் பெயர், பயனருக்குப் போகும் மின்னஞ்சல் என்று எல்லா இடத்திலும் இதுதான். தேதியை எழுத்தாக்கும் வரை இதில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. அந்த எழுத்தைத் திரும்பப் படித்துத் தேதியாக்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது.

இந்த இரட்டையர்களை முதலில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எஃப் வரும் ஸ்டிரெஃப்டைம் எழுதித் தரும். பி வரும் ஸ்டிரெப்டைம் (strptime) படித்துத் தரும். இரண்டுமே சி மொழி வழியாக வந்தவை. வடிவத்தைச் சொல்லச் சதவீதக் குறி போட்டு அதை ஒட்டி ஓர் எழுத்து: பெரிய ஒய் என்றால் நான்கு இலக்க வருடம், சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். மாதத்துக்கும் நிமிடத்துக்கும் ஒரே எழுத்தைக் கொடுத்தது புதிதாக வருபவர்களைப் படுத்தும் விஷயம். நிமிடம் வர வேண்டிய இடத்தில் சின்ன எம் போட்டுவிட்டால் மார்ச் மாதம் முழுக்க 03 என்றே வந்துகொண்டிருக்கும். எர்ரர் வராது. யாராவது உற்றுப் பார்த்தால்தான் உண்டு.

பைதான் 3.6 பதிப்பில் எஃப்-ஸ்டிரிங் (மாறியின் மதிப்பை வாக்கியத்துக்குள்ளேயே வைக்கும் வசதி) வந்தபிறகு எழுதுவது இன்னும் சுலபம். அடைப்புக்குள் மாறியின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் அதே சதவீதக் குறிகள். அவ்வளவுதான். நான் இப்போது எழுதும் நிரல்களில் பெரும்பாலும் இந்த வடிவம்தான் இருக்கிறது.

சரி, படிக்கும் பக்கம் வருவோம். 12 மணி நேரக் கணக்கில் எழுதிய நேரத்தைப் படிக்க, மணிக்குப் பெரிய ஐயும் ஏஎம், பிஎம்முக்குச் சின்ன பியும் வேண்டும். மணிக்குப் பெரிய ஹெச் போட்டுக்கூடவே சின்ன பியும் போட்டால், 02:30 பிஎம் என்பது அதிகாலை 2:30 ஆகிவிடும். பிஎம்மைப் படிக்கும், ஆனால் கணக்கில் சேர்க்காது. இது பிழையல்ல, பெரிய ஐ இருந்தால் மட்டுமே அந்தக் குறி மணியைப் பாதிக்கும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் இந்த இடத்தில் எர்ரர் கொடுத்திருந்தால் எத்தனையோ பேருடைய நேரம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டு இலக்க வருடம் அதைவிட மோசம். வெளியிலிருந்து வந்த ஒரு சிஎஸ்வி ஃபைலில் பிறந்த தேதியின் வருடத்துக்கு இரண்டே இலக்கம்தான் இருந்தது. சின்ன ஒய் போட்டுப் படித்தால் 69 முதல் 99 வரை 1900களுக்குப் போகும். 00 முதல் 68 வரை 2000களுக்கு வரும். அதனால் 72 என்றிருந்தவர் 1972இல் சரியாகப் பிறந்தார். 65 என்றிருந்தவர் 2065இல் பிறக்கப் போகிறவராக ஆனார். பிறந்த தேதி எதிர்காலத்தில் இருக்க முடியாது என்பதால், அப்படி வந்தவற்றிலிருந்து நூறு வருடம் கழித்துச் சரிசெய்ய முடிந்தது. அப்போதும் 10 என்று வருவது 2010இல் பிறந்த குழந்தையா, 1910இல் பிறந்த முதியவரா என்று அந்தத் தேதியை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. எழுதியவர் விட்டுவிட்ட இரண்டு இலக்கத்தை எந்த நிரல் நூலகமும் மீட்டுத் தராது.

நேர மண்டலத்திலும் இதே கதைதான். மண்டலம் எது என்று சொல்லாமல் உருவாக்கிய நேரத்துக்கு, மண்டல வித்தியாசத்தைக் காட்டும் சின்ன இசட் குறியைப் போட்டால் வெற்று எழுத்துதான் கிடைக்கும். பார்வைக்கு வரி ஒழுங்காகவே இருக்கும், ஆனால் அது எந்த மண்டலத்து நேரம் என்ற தகவல் போயிருக்கும். கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில், கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் இரவில் ஒரே மணி இரண்டு தடவை வரும். யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்று எழுதாத லாக்கில் அந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஆகவே நேரத்தை உருவாக்கும்போதே மண்டலத்தைக் கொடுத்துவிடுகிறேன். யுடிசி நேரத்துக்குப் பலரும் பழகியிருந்த யுடிசிநவ் என்ற கட்டளை, மண்டலக் குறிப்பு இல்லாத நேரத்தைத்தான் தரும். 3.12 பதிப்பில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். நல்ல முடிவு.

சேமிப்பதற்கு நான் ஸ்டிரெஃப்டைமைத் தொடுவதில்லை, ஐசோ தர வடிவில் தேதியை எழுதித் தரும் ஐசோஃபார்மட்தான். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இருப்பதால், மண்டலமும் வடிவமும் ஒன்றாக இருக்கும்வரை, எழுத்தாக வரிசைப்படுத்தினாலே காலவரிசை கிடைத்துவிடும். இதிலும் ஒரு பொறி உண்டு. மைக்ரோ நொடி பூஜ்யமாக இருந்தால் அந்தப் பின்னப் பகுதியையே விட்டுவிடும். ஒரு வரியில் 10:15:00.250000 என்றும் அடுத்த வரியில் வெறும் 10:15:01 என்றும் வரும். பின்னம் கட்டாயம் இருக்கும் என்று நம்பி ஸ்டிரெப்டைமில் எழுதிய நிரல் என்றோ ஒருநாள் அந்த ஒரு வரியில் நின்றுபோகும். ஐசோஃபார்மட்டுக்குக் கொடுக்கும் டைம்ஸ்பெக் என்ற அமைப்பில் மில்லிநொடி என்று சொல்லிவிட்டால் எல்லா வரியும் ஒரே நீளத்தில் வரும். நான் அதை விடாமல் போடுகிறேன்.

மனிதர்கள் படிக்கும் தேதிக்கு ஸ்டிரெஃப்டைம் அரைகுறைதான். மாதத்தின் பெயரைத் தமிழில் காட்ட லோக்கேல் என்ற மொழி அமைப்பை மாற்றினால் அது ஓடிக்கொண்டிருக்கும் மொத்த நிரலுக்கும் மாறிவிடும். ஒரே நேரத்தில் பல மொழிக்காரர்களுக்குப் பக்கம் காட்டும் சர்வரில் அதைச் செய்ய முடியாது. மொழியை ஒவ்வொரு முறையும் தனியாகக் கொடுக்கலாம் என்பதால் இதற்கு பேபல் நூலகத்துக்கு மாறிவிட்டேன், திருப்திதான். 05 என்பதை 5 என்று காட்டுவதுகூட லினக்ஸில் ஒரு குறி, விண்டோஸில் வேறு குறி. அதற்கு நாளின் எண்ணை நேராக எடுத்து எஃப்-ஸ்டிரிங்கில் வைத்துவிடுங்கள், எங்கேயும் ஓடும்.

ஐசோ வடிவத்தைத் திரும்பப் படிக்க ஃபிரம்ஐசோஃபார்மட் 3.7இல் வந்தது. ஆனால் யுடிசியைக் குறிக்கக் கடைசியில் இசட் இருந்தால் 3.11க்கு முந்தைய பதிப்புகளில் அதற்குப் படிக்கத் தெரியாது. பழைய பதிப்பிலேயே இருப்பவர்கள் அந்த இசட்டை +00:00 என்று மாற்றிவிட்டுக் கொடுத்தால் போதும்.