பிரி-கேஜி பிள்ளைகளுக்குக் கிண்டியா, தெருமுனைப் பூங்காவா?

சென்னையில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை இயற்கை பார்க்க அழைத்துப்போவது என்றதும் மூன்று இடங்கள்தான் பேச்சில் அடிபடும்: கிண்டி சிறுவர் பூங்கா, கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா, பள்ளிக்கு அடுத்த தெரு மாநகராட்சிப் பூங்கா. எங்கள் ஓட்டு மூன்றாவதற்கு.

கிண்டியில் மான் உண்டு, பறவைகள் உண்டு, பெற்றோருக்கு அனுப்ப நல்ல படங்களும் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. 2010-இல் திறந்த செம்மொழிப் பூங்கா, சுமார் 20 ஏக்கர் அலங்காரத் தோட்டம், பார்த்து ரசிப்பதற்கானது. இந்த வயதுக்கோ பார்ப்பதைவிடப் பொறுக்குவதுதான் வேலை.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது மரமோ மானோ இல்லை, கழிப்பறை. 'மிஸ், சூச்சூ' என்று ஒரு பிள்ளை சொன்னால் கையில் இருப்பது ஒன்றிரண்டு நிமிடம். ஒன்று கேட்டால் உடனே இன்னும் நான்கு கேட்கும். 20 பிள்ளைகளுக்கு ஐந்து பெரியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பூங்காவில் ஆயாம்மா ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வர பத்து நிமிடம் ஆகும். அதுவரை 19 பிள்ளைகள் நான்கு பேர் கையில். வேன் சிக்னலில் நிற்கும்போது கேட்டால் அதற்கும் வழியில்லை. போக வர, சாப்பிட என்று கிண்டிப் பயணம் நான்கு மணி நேரத்தை விழுங்கும். அதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு, மூன்று முறை போகவேண்டி வரும். தெருமுனைப் பூங்கா என்றால் கிளம்பும்முன் எல்லாரையும் ஒருமுறை அனுப்பிவிட்டு ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பிவிடலாம்.

அதற்காக அங்கே கழிப்பறை தானாக அமைந்துவிடாது. பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், அவர் டீ குடிக்கப் போயிருப்பார். முதல் நாள் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்: குழாயில் தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா? இருட்டாக இருந்தால் பிள்ளைகள் உள்ளே கால் வைக்காது. இப்படி முன்கூட்டிப் பார்த்துவர முடிவதே பக்கத்துப் பூங்காவின் பெரிய பலம். கழிப்பறையே இல்லையென்றால் பிள்ளைகள் உட்கார்ந்து போகும் ஒரு பிளாஸ்டிக் 'பாட்டி'யும் (potty) மறைப்புக்கு ஒரு பழைய புடவையும் போதும். மாற்று ஜட்டி நான்கு, சோப்பு, இரண்டு லிட்டர் தண்ணீர் தனிப்பையில் இருக்கட்டும்.

தூரம் 400 மீட்டருக்குள் இருக்கட்டும். பிள்ளை நடையில் அதுவே கால் மணி நேரம். ஓரடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, முடிச்சுக்கு ஒரு கை, கயிற்றுக்குப் பத்துப் பேர். எட்டரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வகுப்பறை. பூங்கா நேரத்தையும் கேட்டுவைக்க வேண்டும். சில இடங்களில் காலை நடை முடிந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

என்ன பார்ப்பது? ஒரு புங்கை மரம் இருந்தால் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். இலையில் விரல்போல் புடைத்த முடிச்சுகள் (கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்யும் வேலை), பூச்சி குடைந்த வெள்ளைத் திட்டுகள், அடியில் சாரைசாரையாக எறும்பு. நாட்டு வாதுமை உதிர்க்கும் சிவப்பு இலை கிடைத்தால் சண்டையே வரும். ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி மணிக்கட்டில் டேப் சுற்றிவிடுங்கள். பொறுக்கியதெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், பை தொலையாது.

பயப்பட வேண்டியது அரளிக்கு. பூங்கா வேலியோரம் சாதாரணமாக நிற்கும். பூ, இலை, காய் எல்லாமே விஷம். மஞ்சள் அரளிக் காய் உருண்டையாக, பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளத் தோதாக இருக்கும். அந்த ஓரத்துக்குப் போகவே கூடாது. கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்காமல், ரோமத்தை டேப்பால் ஒற்றி எடுத்துவிட்டுக் கழுவ வேண்டும்.

பக்கத்தில் இருப்பது சிமென்ட் தரையும் இரும்பு ஊஞ்சலும் மட்டுமே என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது செம்மொழிப் பூங்காவுக்குப் போகலாம். யூகேஜி பிள்ளைகள் அடக்கிக்கொள்வார்கள், மான் ஏன் காதை ஆட்டுகிறது என்றும் கேட்பார்கள். அவர்களுக்குக் கிண்டி தாராளமாகச் சரி. பிரி-கேஜிக்கு அதே புங்கையடிக்கே இன்னும் இரண்டு முறை போங்கள்: இளம்பச்சைத் தளிர் விடும் மார்ச்சில் ஒன்று, மழை விட்டபின் டிசம்பரில் ஒன்று.