26 அடிப் பழைய யாட்: சென்னையில் வாங்கிப் புதுப்பிப்பவரின் மதிப்புரை

பழைய பாய்மர யாட் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க விரும்புவோருக்கு மேலைநாடுகளில் சொல்லப்படும் முதல் அறிவுரை, ஹல் எனப்படும் படகின் உடல் கெட்டிருந்தால் கிட்டேயே போகாதீர்கள், மற்றவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதாகும். சென்னையில் இருந்துகொண்டு வாங்குபவருக்கு இது ஏறக்குறையத் தலைகீழாகவே பொருந்தும். கொச்சியில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற 26 அடி யாட் ஒன்றை வாங்கி, சாலை வழியே வடசென்னைக்குக் கொண்டுவந்து, பெரும்பகுதி வேலையை முடித்துவிட்ட நிலையில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது. கண்ணாடியிழையை அறுக்கவும் தேய்க்கவும் மறுபடி அடுக்கவும் தெரிந்த கைகள் எண்ணூரிலிருந்து கோவளம் வரை கடலோரக் குப்பங்களில் இருக்கின்றன. பாய், பாய்மரத்தை நிறுத்தும் கம்பி, கயிற்றை இழுத்து இறுக்கும் வின்ச் ஆகியவற்றுக்கோ வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலையே நம்பியிருக்க வேண்டும். ஆகவே உடல் களைத்துப்போய், உறுப்புகள் முழுமையாக உள்ள படகைத் தைரியமாக வாங்கலாம். பளபளவென்று பெயின்ட் அடிக்கப்பட்டு, பாய்களும் கம்பிகளும் போய்விட்ட படகைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடலாம்.

நான் வாங்கிய படகு 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் வார்க்கப்பட்டது. எடை ஏறத்தாழ மூன்று டன். அடியில், கவிழாமல் காக்கும் கனத்த தகடான கீல் ஒன்றுக்குப் பதிலாக இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு கீல்கள் உண்டு. நீர் வற்றும்போது சேற்றில் சாயாமல் நிற்பதற்காக, அந்நாட்டின் பெரிய ஓதங்களை மனத்தில் வைத்து உருவான வடிவம் இது. சென்னையில் ஓதத்தின் ஏற்றஇறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றியே இருப்பதால் அந்தப் பயன் கடலில் கிடைக்காது. ஆனால் பட்டறையில் அதன் அருமை தெரிகிறது: தனியாகத் தாங்கி செய்யத் தேவையில்லை, கான்கிரீட் தரையில் தன் காலிலேயே நிற்கிறது, சாதாரண கிரேன் ஒன்றே தூக்கி இறக்கிவிடுகிறது. கைமாறிய விலை புதிய சிறு காரின் விலையைவிடக் குறைவு. புதிய யாட்டுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆகிவிட்ட நிலையில், பழைய படகுகளின் பக்கம் பார்வை திரும்புவது இயல்புதான்.

வடிவம் பழையது என்பது தன்னளவில் குறையல்ல. உலகைத் தனியாகச் சுற்றிவரும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட படகுகளுக்கு மட்டுமே அனுமதி. அப்படிப்பட்ட ஒன்றில்தான் இந்தியப் படகோட்டி அபிலாஷ் டாமி 2023-ல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அக்காலத்துக் கட்டுநர்கள் கண்ணாடியிழையைத் தாராளமாகவே அடுக்கினார்கள் என்பதை, என் படகின் அடிப்பகுதியில் துளையிட்டு எடுத்த வில்லையின் தடிமனைப் பார்த்தபோது நானும் கண்டேன்.

அந்தத் தடிமனுக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே, ஐம்பது காசு அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை, மேற்பூச்சு முழுவதும் கொப்புளங்கள். ஆஸ்மாசிஸ் என்று சொல்லப்படும் இந்தக் கோளாறில், ஜெல்கோட் என்னும் அந்த மேற்பூச்சின் வழியே நுழையும் ஈரம், இழைகளைப் பிணைத்திருக்கும் பாலியஸ்டர் ரெசினைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. சிதைவில் உண்டாகும் அமிலங்கள் மேலும் நீரை இழுக்க, உள்ளே அழுத்தம் ஏறிப் பூச்சு உப்புகிறது. கொப்புளத்தைத் திருப்புளி முனையால் குத்தினால் பிசுபிசுப்பான திரவம் பீய்ச்சி அடிக்கும். வினிகர் வாடை வரும். கண்ணாடி அணியாமல் குத்தக் கூடாது. பட்டறை மேஸ்திரி விரலில் அதைத் தொட்டு முகர்ந்துவிட்டு, “உள்ள நல்லா ஊறிப்போயிருக்கு சார். காய வெக்காம ஃபைபர் மேட் போட்டா ஒரே வருஷத்துல திரும்ப உப்பும்” என்றார். கொச்சியில் படகைப் பரிசோதித்த நிபுணரின் அறிக்கை பல பக்கங்களில் சொன்ன விஷயத்தின் சாரம் இவ்வளவுதான்.

காய வைப்பது என்பது வெயிலில் நிறுத்துவது மட்டுமல்ல. ஜெல்கோட்டை முழுவதுமாக உரித்தெடுத்த பின், நல்ல தண்ணீரால் உயர் அழுத்தத்தில் மறுபடி மறுபடி கழுவ வேண்டும். இழைகளுக்கிடையே தங்கியிருக்கும் அமிலக் கழிவு போகாதவரை, அது கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் போய்விட்டதா என்று அறிய மீட்டரை மட்டும் நம்பாமல், தடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி வைத்து, மறுநாள் உட்புறம் வியர்த்திருக்கிறதா என்று பார்க்கும் பழைய முறையையும் கையாண்டோம். பிப்ரவரியில் உரிக்கத் தொடங்கினால்தான் கோடை முழுவதும் கையில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் மேற்பூச்சு முடியாவிட்டால், அந்த ஆண்டின் உழைப்பு நனைந்துபோகும் என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கோடையிலும் நண்பகலில் ரெசின் டப்பாவிலேயே இறுகிவிடுவதால், அடுக்கும் வேலையெல்லாம் காலையில், பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் முடிக்கப்பட்டது.

இந்த வேலையின் தரத்துக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் மளமளவென்று பிடித்துக்கொண்டதில், இந்தக் கரையில் ஒரு தலைமுறையே ரோவிங், மேட் என்னும் கண்ணாடியிழை விரிப்புகளோடு வளர்ந்திருக்கிறது. ரோலரை அழுத்திக் காற்றுக்குமிழியை வெளியேற்றும் அவர்களுடைய கைப்பழக்கத்தை எந்தக் கையேடும் கற்றுத்தர முடியாது. இரண்டு இடங்களில் மட்டும் உரிமையாளர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒன்று, சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கண்ணளவில் கூட்டிவிடும் வழக்கம். தராசு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. மற்றொன்று ரெசினின் வகை. மீன்பிடிப் படகுக்குப் போதுமான சாதாரண பாலியஸ்டரை, ஒருமுறை ஊறிய யாட்டின் நீர்மட்டத்துக்குக் கீழே பூசக் கூடாது. அங்கே எபாக்ஸிதான் வேண்டும். எபாக்ஸியின் மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது என்பதால், எது முதலில், எது பிறகு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

டெக் எனப்படும் மேல்தளத்தைப் பொறுத்தவரை இவ்வளவு தாராளமாகப் புகழ முடியவில்லை. யாட்டின் டெக் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்து ஒட்டப்பட்டது. கைப்பிடித் தூண்களின் போல்ட் ஓட்டைகள் வழியே மழைநீர் இறங்கினால் நடுவிலுள்ள மரம் மக்கிவிடும். வாங்குமுன் மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோலச் சிறு சுத்தியலால் டெக் முழுவதையும் தட்டிக்கொண்டே போனால், ‘டக்’கென்று கேட்கும் இடம் நலம், ‘தொப்’பென்று கேட்கும் இடம் அழுகல். நான் சென்ற பட்டறையில் கெட்டியாக அடுக்கும் வேலையே பழக்கம் என்பதால், மேல்தகட்டை வெட்டியெடுத்து, மக்கியதைச் சுரண்டி, புதிய நடுப்பொருளை இடைவெளியின்றி ஒட்டும் நுணுக்கத்தை முதலில் ஒரு சிறிய துண்டில் செய்துபார்த்த பிறகே படகில் கைவைக்க விட்டேன். டெக்கில் பாதிக்கு மேல் ‘தொப்’பென்று கேட்டால், என் விதிக்கு அது விலக்கு, அந்தப் படகு வேண்டாம்.

இன்னொரு விலக்கு கீல் இணைப்பு. இரட்டைக் கீல் படகுகளில், கீல் பக்கவாட்டில் நெளிய முயலும்போது அதன் வேர்ப்பகுதியில் ஹல் வளையும். இணைப்பைச் சுற்றி முடிபோன்ற விரிசல்களோ, உள்ளே போல்ட்டுகளின் அடியில் துருக்கறையோ தெரிந்தால், விலை பேசுமுன் கீலை இறக்கிப் பார்க்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். என் படகில் முந்தைய உரிமையாளர் ஒருவர் உட்புறம் குறுக்குவிட்டங்கள் அடுக்கிப் பலப்படுத்தியிருந்தார். அது எனக்கு வாய்த்த நல்லூழ்.

உள்ளறையின் கூரை லைனிங் பற்றி ஒரு வார்த்தை. அக்கால வினைல் துணியின் பின்புறம் ஒட்டப்பட்ட ஃபோம் வெப்பத்தில் மாவாகிவிடும். தொட்டால் தலையில் மஞ்சள் தூள் கொட்டும். முகக்கவசம் அணிந்து கிழித்தெறிவதைத் தவிர வேறு வழியில்லை.

இனிச் செலவு மிகுந்த பகுதி. பாய்மரத்தை நிறுத்தி வைக்கும் துருப்பிடிக்காத கம்பிகளைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு; வெப்பமும் உப்பும் சேர்ந்த நம் கரையில் அதற்கு முன்பே மாற்றுவது பாதுகாப்பு. கம்பியின் முனையில் அழுத்திப் பொருத்தப்பட்ட குழாயில் நகக்கீறல்போல் ஒரு விரிசல் தெரிந்தாலே அந்தக் கம்பி முடிந்தது என்று கொள்ள வேண்டும். சென்னையில் பாய்மர விளையாட்டுக்குக் குறைவில்லை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது, ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் படகோட்டியான நேத்ரா குமணன் இந்த ஊர்க்காரர். ஆனால் இங்கே மிகுதியாக ஓடுபவை சிறு பந்தயப் படகுகள். மூன்று டன் யாட்டுக்கான வின்ச்சும் கப்பியும் பாயும் எடுத்ததும் கிடைக்கும் கடை எனக்குத் தட்டுப்படவில்லை. என்னிடம் வந்த படகில் வின்ச்சுகள் அனைத்தும் இருந்தன. உரித்துக் கழுவி கிரீஸ் போட்டதோடு சரி. அவற்றைப் புதிதாக இறக்குமதி செய்ய விலைப்பட்டியல் கேட்டபோது, வரியும் அனுப்பும் கூலியும் சேர்ந்து ஹல் வேலை முழுவதற்கும் ஆன கூலியைத் தாண்டிவிட்டன.

உள்ளூரில் கிடைக்கும் உலோகத்தில் ஓர் எச்சரிக்கை. பாரிமுனைக்குப் பின்னாலுள்ள செம்புதாஸ் தெருவிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் தரவகைகளில் 304 வேறு, 316 வேறு. கடற்காற்றில் 304 சீக்கிரமே தேநீர் நிறத்தில் கறைபடியும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. 316-ல் மட்டும் சேரும் மாலிப்டினம் இருப்பதைக் காட்டும் சோதனைச் சொட்டுமருந்தை விட்டுக் காட்டச் சொன்னால், நாணயமான கடைக்காரர் தயங்குவதில்லை. ஹல்லில் தண்ணீர் நுழையும் வழிகளை அடைக்கும் வால்வுகளில் நிலைமை நமக்குச் சாதகம். பழைய பித்தளை வால்வுகளைச் சுரண்டிப் பார்த்தால் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன; துத்தநாகம் கரைந்துபோய், ஓங்கித் தட்டினால் உதிரும் நிலை. அவற்றுக்கு மாற்றாக இந்தியாவிலேயே வார்க்கப்படும் கன்மெட்டல் என்னும் வெண்கல வகை வால்வுகள் அதே தெருவில் கிடைத்தன. எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சிலிண்டர் டீசலைப் பிரித்துச் சேர்க்க காசிமேட்டில் ஆள் தேட வேண்டியதே இல்லை.

இடமும் ஆவணமும் மிச்சம். கொச்சியில் போல்காட்டித் தீவில் யாட்டுகளை நிறுத்துவதற்கென்றே துறை இருக்கிறது. சென்னையில் அப்படியொன்று இல்லை, கூவம், அடையாறு முகத்துவாரங்களில் மணல் அடைத்திருக்கிறது, மீன்பிடித் துறைமுகம் விசைப்படகுகளுக்கே போதவில்லை. எங்கே நிறுத்தப்போகிறோம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. பட்டறையில் நிற்கும் காலத்திலும் பாய்மரத்தை இறக்கி, படகை நான்கு புறமும் தரையோடு கட்டி வைப்பது அவசியம். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த நகரத்தின் மரங்களை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கொடியோடு தற்காலிகமாக வந்த படகை இங்குள்ளவர் வாங்குவது சட்டப்படி இறக்குமதி. சுங்கவரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி இல்லாத படகு எவ்வளவு மலிவானாலும், பிறகு அந்த வரி வாங்கியவர் தலையில் விடியும். பதிவு குறித்து ராஜாஜி சாலையிலுள்ள மெர்க்கன்டைல் மரைன் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. லாரியில் ஏற்றுபவர்கள் படகின் அகலத்தைச் சரிபார்க்க வேண்டும்; என்னுடையது லாரியின் அகலத்துக்குள் அடங்கியதால், பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தொல்லையின்றி வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் பட்டறையில் நிற்க முடிந்தவர், கைக்காசில் பாதியை எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கி வைக்கக்கூடியவர், அடுத்த ஆண்டே கடலில் இறங்கியாக வேண்டும் என்ற அவசரம் இல்லாதவர் ஆகியோருக்கு இதை நான் பரிந்துரைக்கிறேன். மற்றவர்கள் கிளப்பில் சேர்ந்து அவர்களுடைய படகை ஓட்டலாம். செலவும் குறைவு, கடலும் அதே கடல்தான். விலை பேசப் போகும் நாளில் விற்பவர் உங்களிடம் ஹல்லின் கொப்புளங்களைக் காட்டிச் சமாதானம் சொல்லத் தொடங்கினால், அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு விலையைக் குறையுங்கள். ஆனால் பேரம் முடிவதற்குள் எல்லாப் பாய்களையும் பையிலிருந்து வெளியே எடுத்து விரிக்கச் சொல்லி, தையலில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நூல் பொடிந்து வந்தால், புதிய பாயின் விலையைத் தெரிந்துகொண்ட பிறகு இன்னொரு நாள் பேசலாம்.