எண்ணூர் பக்கம் ‘1932 பர்மா தேக்குப் படகு’ பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் வழியில் ஒரு ஷெட்டில் பழைய பாய்மரப் படகு ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. இங்கிலாந்தில் 1932-ல் கட்டியது, முழுக்க பர்மா தேக்கு, பாய் உட்பட எல்லாம் ஒரிஜினல் என்று சொல்கிறார்கள். கேட்கும் விலை ஐந்தரை லட்சம். அட்வான்ஸ் நாற்பதாயிரம் கொடுத்தேன், அது இன்னும் திரும்பி வரவில்லை. அது 1932-ம் இல்லை, இங்கிலாந்தும் இல்லை, தேக்கும் இல்லை. யாரும் பணம் கொடுத்துவிட வேண்டாம்.

என்னை நம்ப வைத்தது விற்பவரின் பேச்சு அல்ல, மதிப்பீட்டு அறிக்கை. கப்பல், படகு எல்லாம் மதிப்பிடுகிறவர் என்று ஒருவரை அவரே அழைத்து வந்தார். ஃபீஸ் மட்டும் என்னிடம். நாலு பக்கம், முத்திரை, கலர் போட்டோக்கள். நிலை ‘நன்று’, மதிப்பு ஆறு லட்சம். வீட்டில் நிதானமாகப் படித்தால், மூன்றாம் பக்கக் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘கட்டிய ஆண்டும் மர வகையும் உரிமையாளர் கூறிய தகவலின்படி.’ அதாவது விற்பவர் வாயால் சொன்னதை இவர் லெட்டர்ஹெட்டில் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். போட்டோக்கள் எல்லாம் மேல்பக்கம். படகைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மரப் படகுக்கு வியாதி வருவதே அங்கேதான்.

மச்சான் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழவேற்காடு ஏரியில் பாய் விரித்து ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பாக்கிப் பணம் கட்டுவதற்கு முன்னால் காசிமேட்டில் இருந்து ஒரு போட் மேஸ்திரியைக் கூட்டிப் போகலாம் என்றார். வயசானவர், ஃபைபர் வருவதற்கு முன்னால் இருந்தே மரப் படகு கட்டியவர். படகை ஒரு சுற்று சுற்றிவிட்டு, “இன்னா தம்பி, வள்ளத்தப் போயி யாட்டுன்ற?” என்றார். வள்ளம் என்றால் நம்ம ஊர் நாட்டு மீன்பிடிப் படகு, யாட் என்றால் உல்லாசப் பாய்மரப் படகு.

அப்புறம் சுத்தியலின் மரப்பிடியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தார். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், ‘டங்’ என்று கேட்ட சத்தம் நடுவில் ‘டொப்’ என்று அமுங்கியது. வெளியே முழுக்க ஃபைபர் பூசி, அதன் மேல் பெயிண்ட். பாதுகாப்புக்குப் போட்டது என்றார் விற்பவர். ஏராவுக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) பக்கத்தில் ஃபைபர் தூக்கிக்கொண்டிருந்த இடத்தில் மேஸ்திரி உளியை நுழைத்து நெம்பினார். உள்ளே பலகை கறுத்து, ஊறிய பிஸ்கட் மாதிரி விரலோடு வந்தது. புழு அரித்த துளைகளும் இருந்தன. கப்பல் புழு குஞ்சாக ஊசிமுனைத் துளையில் நுழைந்து, உள்ளேயே பெருத்து மரத்தைக் குடைந்துகொண்டு போகும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஏற்கெனவே ஈரமான, உளுத்த மரத்தின் மேல் ஃபைபர் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக அழுகும். பழைய மரப் படகு முழுக்க ஃபைபர் போர்த்தியிருந்தால் அதை முதல் சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உட்புறம் பளபளவென்று தேக்கு நிறம். மறைவான இடத்தில் சுரண்டினால் அடியில் வெளிறிய மரம். சுரண்டிய தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்கே உரிய வாசனையும் இருக்கும். இதில் வார்னிஷ் நாற்றம் மட்டும்தான். மாமரப் பலகை என்றார் மேஸ்திரி.

ஆணியெல்லாம் செம்பு என்றார்கள். மச்சான் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோய் வைத்தார், ‘டப்’ என்று ஒட்டிக்கொண்டது. செம்பில் காந்தம் ஒட்டாது. கட்டிய கம்பெனியின் ஒரிஜினல் பித்தளைத் தகடு என்று காட்டியதை இறுக்கியிருந்ததோ ஸ்டார் ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ 1930-களின் நடுவில்தான் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளுக்கே வந்தது. ரிப்பேரில் மாற்றியிருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும், தகட்டின் பின்பக்கம் புத்தம் புதுசாக மின்னியதற்கு யார் பதில் சொல்வது?

பாயில்தான் கையும் களவுமாக மாட்டினார்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவி லைட்டரைக் காட்டினோம். பருத்தி என்றால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு உருகிக் கறுப்பு முத்தாக நின்றது. பாலியெஸ்டர் இழையையே 1941-ல்தான் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். 1932-ல் ஏது அந்தப் பாய்? பின்பக்கத்தில் அவுட்போர்டு இன்ஜின் மாட்டிய ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்திருந்தார்கள். பக்கவாட்டில் பெயிண்டுக்கு அடியில் ‘IND-TN’ என்ற எழுத்து மேடாகத் தெரிந்தது. நம்ம ஊர் மீன்பிடிப் படகுகளின் பதிவு எண் அப்படித்தான் தொடங்கும். அடியில் படிந்திருந்த கறுப்பை அந்தக் காலத்துத் தார் என்றார் விற்பவர். எனக்கென்னவோ அது 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் என்றுதான் படுகிறது.

இத்தனைக்கும் பிறகு, “மரவாடியில் போட்டாலே போட்ட காசு வந்துடும் சார்” என்றார். வராது. மரவாடியில் கன அடிக் கணக்கில் விலை போவது ஆணி ஏறாத நல்ல தேக்குக்கு. இது அடுப்புக்குத்தான் போகும். வங்கும் (பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு மாதிரியான சட்டங்கள்) பலகையும் மாற்றுகிற செலவில் புதுப் படகே கட்டிவிடலாம் என்று மேஸ்திரி கணக்குப் போட்டார்.

நிஜமான பழைய படகுக்கு அடையாளம் இருக்கும். உதாரணமாக, இங்கிலாந்தின் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் 1949-ல் வடிவமைத்த ஜிபி-14 என்ற சின்னப் பாய்மரப் படகின் பாயில் மணிச் சின்னம் இருக்கும், ஒவ்வொரு படகுக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணை வைத்து விசாரிக்கலாம். எண்ணும் இல்லை, பழைய அளவுச் சான்றிதழும் இல்லை, வெறும் கதைதான் என்றால் மரத்துக்கும் பாய்க்கும் உள்ள விலையை மட்டும் பேசுங்கள்.

அட்வான்ஸைக் கேட்டால் “வேற பார்ட்டி வந்ததும் தர்றேன்” என்கிறார். போலீஸில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கப்போகிறேன். இதே படகுக்கு வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால், ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டோ துண்டுச்சீட்டு ரசீதோ எது இருந்தாலும் சரி, எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே போய்க் கொடுப்போம்.