வேகமாக ரக் போக எந்த பூட்? கொயோட் (மண் பழுப்பு) நிறத்தில் மூன்றைப் பற்றி

மச்சினன் இங்கே அமெரிக்காவில் நேஷனல் கார்டில், அதாவது பகுதி நேர ராணுவப் படையில் இருக்கிறான். அவன் எக்ஸ்பர்ட் இன்ஃபன்ட்ரி பேட்ஜுக்கு (காலாட்படை வீரர்களுக்கான திறன் தேர்வில் தேறினால் தரும் பதக்கம்) தயாராக ஆரம்பித்ததும் வீட்டில் பூட் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை. கூடவே நானும் கனமான பையைத் தூக்கிக்கொண்டு நடக்க (இதைத்தான் ரக் என்கிறார்கள்) ஆரம்பித்தேன் என்பதால் சில பூட்களைப் போட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. நாலு பேர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வேகமான ரக் என்றால் என்ன வேகம் என்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்வில் 12 மைல் தூரத்தை 3 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், முதுகில் 35 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 16 கிலோ. மைலுக்கு 15 நிமிடம், மணிக்கு 6.4 கிலோமீட்டர். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்த வேகத்தில் வெறும் நடை பலருக்குப் போதாது, ஓடினால் முட்டி போய்விடும், இரண்டுக்கும் நடுவில் காலை இழுத்து இழுத்துப் போகிற ஒரு நடைதான் வரும். பூட் நல்லதா கெட்டதா என்பது அந்த நடையில்தான் தெரியும். கடையில் நாலடி நடந்து பார்த்தால் எல்லா பூட்டும் நல்ல பூட்தான்.

எடையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், பேச வேண்டியதும்தான். காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆய்வகத்தில் மூச்சை அளந்து பார்த்தவர்களுக்கும் நாலு முதல் ஆறு மடங்கு வரை வந்திருக்கிறது. ஜோடிக்கு 600 கிராம் குறைந்தால் பையிலிருந்து மூன்று கிலோவை இறக்கி வைத்த மாதிரி. 12 மைலுக்கு எப்படியும் இருபதாயிரம் காலடிக்கு மேல் எடுத்து வைக்கிறோம், ஒவ்வொரு அடியிலும் அந்த எடையைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நைக் எஸ்எஃப்பி பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுமார் அரை கிலோதான், போட்டவுடன் ஓட்டக் காலணி போலவே இருக்கும், பழக்க வேண்டிய வேலையே இல்லை. அந்த வளையும் தன்மைக்காகத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். தார் ரோட்டிலும் மண் பாதையிலும் அருமை. ஜல்லி கொட்டிய பாதையில், 16 கிலோ முதுகில் இருக்கும்போது, ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலுக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், மென்மையான அடிப்பகுதிக்குக் கொடுக்கும் விலை அது. உங்கள் பாதை எது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இன்னொன்று, யூனிஃபார்மோடு போடுகிறவர்கள் தோல் வகையைத்தான் வாங்க வேண்டும். ராணுவத்தின் ஏஆர் 670-1 என்ற யூனிஃபார்ம் விதிப்படி உயரம் 8 முதல் 10 அங்குலம், கொயோட் நிறம், தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே, உள்ளே ஜிப் வைத்துத் தைத்தது கூடாது. செயற்கைத் துணியில் வரும் எஸ்எஃப்பி இதில் தேறாது.

மச்சினன் கடைசியில் போய் நின்றது கார்மான்ட் டி8 பிஃபிடாவில். எஸ்எஃப்பியைவிடக் கொஞ்சம் எடை கூடுதல், அடிப்பகுதி கெட்டி. கையில் எடுத்து முன்பாதத்தையும் குதிகாலையும் பிடித்து மடக்கிப் பாருங்கள்: விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் மடிய வேண்டும். நடுவில் மடிகிற பூட் எவ்வளவு லேசாக இருந்தாலும் எட்டாவது மைலில் உள்ளங்காலை வாட்டிவிடும். அப்புறம் துண்டைப் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள், லேசாகத் திரும்பலாம், அவ்வளவுதான். டி8 இரண்டிலும் தேறியது. லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு நடுவில் பிளந்த மாதிரி அமைந்திருப்பதால் லேஸை இறுக்கும்போது கணுக்காலின் முன்பக்கம் துணி சுருண்டு அழுத்துவதில்லை. சின்ன விஷயம், ஆனால் மணிக்கணக்கில் போட்டிருந்தால் தெரியும்.

கோரக் எம்ஏசிவி-1 எனக்குப் பிடித்தது. வியட்நாம் போர்க் காலத்து ஜங்கிள் பூட்டை மனதில் வைத்துச் செய்தது. அந்தப் பழைய பூட்டில் பாதத்தின் உள்பக்கம் இரண்டு துளைகள் இருக்கும், தண்ணீர் வெளியே போக. இதிலும் அப்படி வடிகால் உண்டு. ஓடையில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே சலசலப்பு நின்றுவிடுகிறது. பழைய பூட்டில் கூராகச் சீவிய மூங்கில் குச்சிகளை நட்ட பொறிகளுக்குப் பயந்து அடியில் எஃகுத் தகடு வைத்தார்கள், நமக்கு அந்த எடை தேவையில்லை. களிமண்ணில் நடக்கிறவர்கள் பனாமா அடி உள்ள பூட்டையும் பாருங்கள். சாய்ந்த கட்டைகள், இடைவெளி அதிகம், அடி எடுத்து வைக்க வைக்க மண்ணைத் தள்ளிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த யோசனை, இன்னும் மவுசு குறையவில்லை.

வாட்டர்ப்ரூஃப் பூட்? வெயில் ஊரில் வேகமாக ரக் போகிறவருக்கு வேண்டவே வேண்டாம். வெளியே இருக்கும் தண்ணீரைத் தடுக்கிற அதே சவ்வு உள்ளே ஊறும் வியர்வையையும் பிடித்து வைக்கும், ஈரக் காலில்தான் கொப்புளம் வரும். பக்கவாட்டு ஜிப்பும் அப்படித்தான்: விதியில் இடமில்லை என்பது ஒரு பக்கம், கணுக்காலை லேஸ் பிடிக்கிற மாதிரி ஜிப் பிடிக்காது.

அளவு விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைவிட உங்கள் காலைக் கேளுங்கள். பாரத்தோடு நடந்தால் பாதம் தட்டையாகி நீளும், வீங்கும். சாயங்காலம் போங்கள், ரக் போகும்போது போடுகிற கம்பளிச் சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள், முடிந்தால் பையையும் தூக்கிக்கொண்டு போங்கள் (கடையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்). முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் மட்டும் மேலே எழும்பக் கூடாது. குதிகால் எழும்பினால் பூட்டை மாற்றுவதற்கு முன் லேஸை மாற்றிப் பாருங்கள். பாதமும் கணுக்காலும் சேரும் வளைவில் லேஸை ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து, அதற்கு மேலே கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துவிடும், கெண்டைச் சதையும் வேலை செய்ய முடியும்.

பழைய ஸ்டாக் வாங்குவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ராணுவ உபரிச் சாமான் விற்கும் ஒரு கடையில் பெட்டி பிரிக்காத பூட் பாதி விலைக்கு என்று மச்சினனின் நண்பர் வாங்கி வந்தார். மேலே பளபளவென்று புதுசு, நாலு மைல் தாண்டுவதற்குள் அடி அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. நடுவில் இருக்கும் பாலியூரிதேன் போடாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதைந்துபோகும். கடைக்காரரோ திருப்பி எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். எங்கே வாங்கினாலும் உற்பத்தித் தேதியைக் கேளுங்கள். லேசான பூட்களில் அடி பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியதுதான், தேய்ந்தால் புது அடி போட்டு ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

சரி, யூனிஃபார்ம் போடாதவர்கள் என்ன வாங்குவது? உண்மையைச் சொன்னால் பூட்டே வேண்டாம். நல்ல பாதையில் பத்துப் பன்னிரண்டு கிலோவோடு நடக்க, அடி கெட்டியான ட்ரெயில் ஷூ போதும், எடையும் குறைவு, விலையும் குறைவு. முள், சேறு, பாம்புக்குப் பயப்பட வேண்டிய புதர் என்று வந்தால் எம்ஏசிவி-1. அந்தத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு டி8, அதையும் தேர்வுக்கு முந்தின வாரம் வாங்காமல் ஒரு மாதமாவது முன்னால் வாங்கி, உள்ளே வரும் இன்சோலை (பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை) உருவிவிட்டு உங்கள் பாத வளைவுக்கு ஏற்றதைப் போட்டுப் பழக்குங்கள்.